கடைமடைக்காரருக்கும் ஒரு நாற்காலி

ஆறுகளைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆற்றுக்கு வடிநிலத் திட்டம் போடுகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போனேன். மூன்று மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள், கடைசிப் பத்து நிமிடம் எங்களைப் பேசச் சொன்னார்கள். திட்டமோ அச்சடித்து பைண்டு செய்து மேசையிலேயே இருந்தது. இதற்குப் பெயர்தான் ஒத்துழைப்பா?

பதில்: இல்லை. முடிவெடுத்துவிட்டுக் கூப்பிடுவது தகவல் சொல்வதுதான், அதைக் கலந்து பேசியதாகக் கணக்கு வைக்க முடியாது. உங்கள் கோபம் நியாயமானது.

எப்போது கூப்பிட வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கான முன்மாதிரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் தண்ணீருக்கென்று ஒரு பொதுச் சட்ட நெறியைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு வடிநிலத்துக்கும், அதாவது ஓர் ஆற்றில் வந்து வடியும் நிலப்பரப்பு முழுவதற்கும், திட்டம் போட்டு, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும். திட்டக் காலம் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே வேலை அட்டவணையும் யாரை எப்படிக் கலந்து பேசப் போகிறோம் என்பதும் வெளிவர வேண்டும், இரண்டு ஆண்டுக்கு முன் இந்த ஆற்றின் முக்கியமான பிரச்சினைகள் எவை என்ற குறிப்பு வர வேண்டும், ஓர் ஆண்டுக்கு முன்தான் வரைவுத் திட்டம். ஒவ்வொரு படியிலும் எழுத்தில் கருத்துச் சொல்ல மக்களுக்குக் குறைந்தது ஆறு மாதம். நடுவில் இருக்கிற அந்த இரண்டாவது படியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் தீர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் 'உங்களுக்கு என்ன பிரச்சினை' என்று கேட்கச் சொல்கிறது. நெசவாலைக்காரர் சொல்லும் பிரச்சினையும் மீனவர் சொல்லும் பிரச்சினையும் ஒன்றாக இருக்காது, அது அந்தப் படியில் தெரிந்துபோனால் நல்லது, அணை கட்டி முடித்த பிறகு தெரிந்தால் யாருக்கும் உபயோகமில்லை.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் வடிநிலத்தைச் சொல்லலாம். 2010 அக்டோபரில் திட்டத்துக்கான வழிகாட்டி நூல் வெளிவந்தது. ஆறு பிழைக்க வேண்டுமானால் ஆண்டுக்குக் குறைந்தது 3,000 கிகா லிட்டராவது பயன்பாட்டிலிருந்து விடுவித்து ஆற்றுக்கே விட வேண்டும் என்றது அது. ஒரு கிகா லிட்டர் என்பது 100 கோடி லிட்டர். கிரிஃபித் என்ற பாசன ஊரில் கூட்டம் நடந்தபோது விவசாயிகள் அந்த நூலின் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அறிவியல் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அந்த ஆற்றுக்குத் தண்ணீர் தேவைதான். ஆனால் தன் வயலுக்கு என்ன ஆகும் என்பதை ஒரு விவசாயி ஒரு எண்ணாக, வேறு யாரோ முடிவு செய்த எண்ணாக, முதல்முறை கேட்டால் அவர் வேறு என்ன செய்வார்? 2012-ல் திட்டம் சட்டமானபோது அந்த எண் 2,750 ஆகியிருந்தது, அதன் பிறகும் சண்டை ஓயவில்லை.

கேள்வி: மேல்மடைக்காரர்கள் எங்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. தண்ணீர் முதலில் அவர்களிடம்தான் வருகிறது, அவர்கள் ஏன் வர வேண்டும் என்று என் மாமாவே கேட்கிறார்.

பதில்: உங்கள் மாமா கேட்பது சரியான கேள்வி. நியாயம் பேசி மட்டும் மேல்மடைக்காரரை அழைத்துவர முடியாது. வந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பதில் வேண்டும்.

கொலம்பியா ஆற்றில் அந்தப் பதில் கிடைத்தது. மேலே கனடா, கீழே அமெரிக்கா. 1961-ல் கையெழுத்தாகி 1964-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி கனடா தன் பக்கத்தில் மூன்று அணைகள் கட்டித் தண்ணீரைத் தேக்கி, கீழே இருப்பவர்களுக்கு வெள்ளம் வராமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு அமெரிக்கா 6.44 கோடி டாலர் கொடுத்தது, அதோடு ஒழுங்குபடுத்தி விடும் தண்ணீரால் கீழே கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தில் பாதியும் கனடாவுக்கு. அதாவது தண்ணீரைப் பங்கு போடாமல், தண்ணீரால் வரும் பலனைப் பங்கு போட்டார்கள்.

ஆனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதிக் கதைதான். இரண்டு அரசுகள் பேசி முடித்தன, பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களிடமும் அங்கிருந்த பூர்வகுடிகளிடமும் யாரும் கேட்கவில்லை. அணை நீரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வீடும் நிலமும் போயின. பலனில் ஒரு பகுதியை அந்த வட்டாரத்துக்கே திருப்பித் தர ஓர் அறக்கட்டளை வந்தது 1995-ல்தான். முப்பது ஆண்டு! ஆகவே பலனைப் பங்கு போடுங்கள், ஆனால் கரையில் இருப்பவரையும் உட்கார வைத்துப் பங்கு போடுங்கள்.

கேள்வி: ஒரு தரப்பு கடைசிவரை ஒத்துக்கொள்ளாவிட்டால்?

பதில்: அது விதியில் எழுதப்பட்டிருப்பதைப் பொறுத்தது. கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நான்கும் 1995-ல் மேகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. அதன் விதிப்படி மேகாங்கின் முதன்மை ஆற்றில் அணை கட்டுவதற்கு முன் மற்றவர்களைக் கலக்க வேண்டும், ஆனால் வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சயபுரி அணை விஷயத்தில் நான்கு நாடுகளும் ஒரு முடிவுக்கு வரவில்லை, லாவோஸ் கட்டியது, 2019-ல் மின்சாரமும் எடுத்தது. உங்கள் குழுவில் இழுபறி வந்தால் யார் எப்படி முடிப்பது என்பதை சண்டை வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அதிகாரிகள் ஒரு கணக்கு சொல்கிறார்கள், ஆலைக்காரர்கள் ஒன்று, நாங்கள் ஒன்று. எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு நான்காவதாக ஒன்றைச் சேர்ந்து எடுங்கள். இந்தப் பத்தியில் நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

டான்யூப் ஆற்றின் வடிநிலத்தில் 19 நாடுகள் இருக்கின்றன, உலகில் வேறெந்த ஆற்றுக்கும் இத்தனை பங்காளிகள் இல்லை. அங்கே 2001-லிருந்து ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டாய்வு நடக்கிறது. முதல் ஆய்வில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றாகக் கப்பலில் கிளம்பி, ஜெர்மனியிலிருந்து கருங்கடல் வரை இறங்கிக்கொண்டே வழியெல்லாம் தண்ணீரும் சேறும் எடுத்தார்கள், எல்லா இடத்திலும் ஒரே முறை. உன் கருவி தப்பு, என் கருவி சரி என்ற வாதத்துக்கு அப்புறம் இடமே இல்லை. சண்டை இல்லாமல் போகாது, ஆனால் அது ஆற்றைப் பற்றிய சண்டையாக இருக்கும்.

கேள்வி: நாங்களே எங்களுக்குள் தீர்த்துக்கொள்ள முடியுமா? கோர்ட்டும் வக்கீலும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பதில்: ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் வியாழக்கிழமை பகல் 12 மணிக்குப் போனால் பார்க்கலாம். பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வெளியே வட்டமாக நாற்காலி போட்டு, கறுப்பு அங்கி அணிந்த விவசாயிகள் உட்கார்ந்திருப்பார்கள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் பாசனக் கால்வாய்களுக்கு ஆளுக்கொருவராக, அந்தந்தக் கால்வாயின் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் கூப்பிட்டுப் புகார் உண்டா என்று கேட்பார்கள். புகார் இருந்தால் அங்கேயே வாய்மொழியாக விசாரணை, அங்கேயே தீர்ப்பு. வலக்கரைக் கால்வாயில் தகராறு என்றால் தீர்ப்பைச் சொல்பவர்கள் இடக்கரைக்காரர்கள். இந்த ஒரு விதிக்காகவே அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு, உறவுக்காரனுக்குச் சாதகம் செய்தான் என்ற பேச்சை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது. நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த நீர் மன்றத்தை 2009-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அவர்கள் எல்லோரும் பாசனக்காரர்கள், பேச்சு வழக்கும் கணக்கும் ஒன்று. ஆலை, நகராட்சி, மீனவர் எல்லாரும் இருக்கும் வடிநிலத்துக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. ஒரு சின்ன ஓடைதான் எங்களுக்கு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. சும்மா சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் கடைமடைப் பெரியவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, மஞ்சள் பையிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். பதினோரு வருடமாக எந்தத் தேதியில் தண்ணீர் தன் மடைக்கு வந்தது, எத்தனை நாள் ஓடியது, என்ன நிறம் என்று பென்சிலில் குறித்திருந்தார். பொறியாளர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதுவரை யாரும் அந்தப் பெரியவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

ஓடையில் பாலத்தூணோ பாறையோ அசையாமல் இருக்கும் ஓர் இடத்தில் அளவுகோடு வரைந்துகொள்ளுங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேராகத் தினமும் ஒரே நேரத்தில் மட்டத்தைக் குறியுங்கள். அந்த மேலே உள்ளவர் உங்கள் தோழியாக இல்லாமல் மேல்மடைக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முடிந்ததும் இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போய்க் கேளுங்கள், திட்டம் இன்னும் அச்சுக்குப் போகவில்லையே என்று.