பதில்: என் ரயில் மாடலைப் பொம்மை என்கிறார்கள்

தம்பி, 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, அட்டையில் செய்த உங்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் பெட்டியைப் பார்த்து ஒருவர், "தண்டவாள அகலமே தப்பு, பெயின்ட் திட்டுத்திட்டு, இது பொம்மை" என்றதில் மனசு விட்டுப்போனதாக எழுதியிருந்தீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. (1:87 மாடல்களுக்கான அளவின் பெயர்) தண்டவாளம் 16.5 மி.மீ. தான். ஆக, அவர் சொன்னது சரி. ஆனால் இங்கிலாந்துக்காரர்களே 1:76 வண்டியை அதே 16.5-இல்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் ஊர்ப் பாதையின் அகலத்துக்குக் கணக்குப்படி 18.83 வேண்டும். துல்லியம் பார்க்கிறவர்கள் அப்படியே தனியாகப் போட்டுக்கொள்கிறார்கள், மற்றவர்கள் பாட்டுக்கு ஓட்டுகிறார்கள்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேளுங்கள். அட்டைக்கு முதலில் ஒரு கை வார்னிஷ், இல்லாவிட்டால் ஈரம் குடித்து உப்பிவிடும். அப்புறம் அக்ரிலிக்கை இளக்கி மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு.

1843-இல் கட்டிய நெல்லை சுலோச்சன முதலியார் பாலத்தை நான் ஒருமுறை மாடலாகச் செய்தேன். டீக்கடையில் ஒரு பெரியவர் அதன் வளைவுகளை விரல் விட்டு எண்ணி, "பத்து கண்ணுதானல இருக்கு, பதினொண்ணுல்லா?" என்றார். சுருக்கென்றது. ஆனால் விடுபட்டதை எங்கே சேர்க்கலாம் என்று கூடவே உட்கார்ந்து யோசித்தவரும் அவர்தான். உங்கள் ஆளிடமும், "அண்ணாச்சி, 19.3-இல் தண்டவாளம் எப்படிப் போடுவது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் லாபம், வராவிட்டால் ஆளை விடுங்கள்.

சரி, அந்த ஜன்னல் கம்பியை எதில் செய்தீர்கள்?