பழைய இசை நாடகம் ஒன்று பல வருஷம் கழித்து மறுபடி மேடையேறியதைப் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன். 2023 வைகாசியில், எங்கள் ஊர்த் திருவிழாவில். நாடகம் ‘வள்ளி திருமணம்’. ராத்திரி பத்தே முக்காலுக்கு ஆரம்பித்து, காலை ஐந்தரைக்கு வள்ளி கழுத்தில் மாலை விழும்வரை உரச்சாக்கை விரித்து மணலில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை டீ குடிக்க எழுந்து போனதோடு சரி.

ஊர் சிவகங்கைப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது திருவிழாவின் மூன்றாம் நாள் வள்ளி திருமணம் என்பதில் பேச்சே கிடையாது. போட்டால் மழை பெய்யும், அந்த வருஷம் தள்ளிக்கொண்டே போகும் கல்யாணங்கள் கூடிவரும் என்று நம்பிக்கை. 2009-இல் கடைசியாகப் போட்டார்கள். அப்புறம் இளவட்டங்களுக்குப் பாட்டுக் கச்சேரி வேண்டியிருந்தது. அது நாலைந்து வருஷம் ஓடியது. பிறகு பட்டிமன்றம். பிறகு கொரோனா, திருவிழாவே இல்லை. ஆக, பதினாலு வருஷம்.

மறுபடி நாடகம்தான் வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் நின்றது பெரியவர்கள் இல்லை. கத்தாரில் கிரேன் ஓட்டும் என் சித்தப்பா மகன். வேலை முடிந்து ரூமுக்கு வந்தால் யூடியூபில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்ப்பானாம். எங்கெங்கோ நடந்த நாடகங்களை யார் யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். “அடுத்த ஊர் நாடகத்த எத்தன நாளைக்கு போன்ல பாக்குறது?” என்று கேட்டான். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிக்கும் தலைக்கட்டு வரிக்கு மேல் தன் பங்காக ஒரு தொகையும் வைத்தான். கூட்டம் அதோடு முடிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இன்று தென்மாவட்டங்களில் போடப்படும் வள்ளி திருமணத்துக்கு அடித்தளம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922-இல் புதுச்சேரியில் காலமானார். எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். அந்த வேஷத்தோடு அவரைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட, அதோடு அரிதாரத்தை விட்டு எழுத உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது அவரிடம் பயின்ற, டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான அவ்வை சண்முகம் சொன்னது. 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற நாடகக் கம்பெனியில்தான் அந்தச் சகோதரர்கள் சேர்ந்தார்கள்.

சரி, அந்த மாதிரி நாடகக் கம்பெனிகள் போய்விட்டன. மிஞ்சியது ‘ஸ்பெஷல் நாடகம்’. இதன் அமைப்பு எனக்கு இன்றும் ஆச்சரியம். இதில் குழு என்று ஒன்று கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர், நாரதர் வேறு ஊர், கோமாளியான பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியக்காரர், மிருதங்கம், தாளமும் டோலக்கும் சத்தங்களும் பார்த்துக்கொள்ளும் ‘ஆல்ரவுண்ட்’ எல்லாரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து, படம் போட்டு நோட்டீஸ் அடிக்க வேண்டும். பல சமயம் மேடைக்குப் பின்னால்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதில், எந்த வசனம் முடிந்தால் யார் உள்ளே வர வேண்டும் என்பது ஆளாளுக்கு மனசில் இருக்கிறது.

எனக்குப் பயம் நடிகர்களைப் பற்றி இல்லை. அவர்கள் பக்கத்து ஊர்களில் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். பயமெல்லாம் எங்களைப் பற்றி. இந்த நாடகத்தில் பாதி கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்தப் பாட்டை விட்டால் சத்தம் போட வேண்டும் என்று தெரிந்த கூட்டம் இருந்தால்தான் மேலே இருப்பவர்களுக்கு வேகம் வரும். பதினாலு வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேர் சீரியலுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

எட்டரை மணிக்கு மேடைக்குப் பின்னால் போனேன். தென்னங்கீற்று மறைப்புக்குள் ஒரே ஒரு டியூப்லைட். ஆளுக்கொரு பெட்டி, பெட்டி மூடியில் சாய்த்து வைத்த கண்ணாடி. ராஜபார்ட் மேல்சட்டையில்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்து புருவம் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல தொப்பை. இவரா முருகன் என்று ஒரு நிமிஷம் மனசு சுணங்கியது உண்மை. வள்ளி மூலையில் தூக்குச்சட்டியிலிருந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே நாரதரிடம் கேட்டார்: “தர்க்கம் எம்புட்டு நேரம்ணே?” நாரதர், “ஊரு எப்படின்னு பாத்துக்கிட்டு இழுப்போம்மா” என்றார். ஒத்திகை முடிந்தது.

பபூன் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம், டான்ஸ் வரும் பெண்ணோடு. பாதி இரட்டை அர்த்தம். பெண்கள் வரிசை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது, ஆண்கள் மூடாமல் சிரித்தார்கள். எனக்கு இந்தப் பகுதி எப்போதும் அலுப்பு. ஆனால் இது இல்லாவிட்டால் கூட்டம் கூடுவதற்குள் கதை ஓடிவிடும் என்று ஆர்மோனியக்காரர் பிறகு சொன்னார். நியாயம்தான்.

அப்புறம் வள்ளி வந்தார். பள்ளிக்கூட பெஞ்சு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேலை சுற்றியதுதான் பரண். அதில் ஏறி நின்று, கையில் கவணோடு, தினைப்புனத்தில் இறங்கும் பறவைகளை விரட்டும் ஆலோலப் பாட்டை எடுத்தார். இரண்டாவது அடியில் பக்கத்தில் ஏதோ முனகல் கேட்டது. திரும்பினால் எங்கள் அப்பத்தா. வயசு எண்பத்திரண்டு. காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே நினைவிருக்காது. கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல், வள்ளிக்கு அரை அடி முன்னாலேயே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல். அதற்குப் பின்னால் இன்னொன்று. யாரும் சத்தமாகப் பாடவில்லை. மணல் முழுக்க ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். வள்ளிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அதே அடியை மறுபடி எடுத்து, இந்தத் தடவை மெதுவாகப் பாடினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சித்தப்பா மகனிடம் சொன்னேன். அவன் கண்ணிலும் தூசி.

நாரதர்–வள்ளி தர்க்கம்தான் இந்த நாடகத்தின் உயிர் என்பது என் கட்சி. முருகன் வருவதற்கு முன், நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியின் மனசைக் கிளறிப் பார்க்கும் இடம். பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி. குறள் வரும், புராணம் வரும், விடுகதை வரும். எழுதிவைத்தது பாதி, அந்த நேரத்தில் வாயில் வருவது பாதி. அன்றைக்கு நாரதர் கேட்டார்: “மழை பெய்தது தெய்வத்தால், தினை விளைந்தது மண்ணால். இடையில் கிளியை விரட்ட நீ யாரம்மா? அதற்குப் பங்கில்லையா?” வள்ளி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “பங்கு உண்டு சாமி. தலைக்கட்டு வரி கட்டின கிளி எதுன்னு காட்டுங்க, விட்டுர்றேன்.” ஊரே எழுந்து நின்று கத்தியது. வரி பாக்கி வைத்திருந்த ஒருவர் மட்டும் எழவில்லை. அவர் பெயரை யார் வள்ளி காதில் போட்டது என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. தர்க்கம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. ஊர் எப்படி என்று நாரதர் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஒருமுறை சென்னையில் இதே நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கிப் போட்டார்கள், ஏ.சி. அரங்கில். பாடியவர்கள் நன்றாகவே பாடினார்கள், விளக்கு அமைப்பு அருமை. தர்க்கம் பத்து நிமிஷம். சாம்பார் இல்லாத இட்லி மாதிரி இருந்தது. நேரம் கருதிச் சுருக்குவதில் தப்பில்லைதான், ஆனால் எதைச் சுருக்குகிறோம் என்று தெரிய வேண்டாமா?

மணி இரண்டரை. படுதா அசையவில்லை, மேடையில் ஆள் இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. ‘காயாத கானகத்தே’. வேடன் வேஷத்தில் வரும் முருகன் வள்ளியைப் பார்த்துப் பாடும் பாட்டு. அந்தக் கால நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடி இசைத்தட்டாக வந்தது. 1945-இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடினார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று ஐந்து கட்டை என்ற உச்ச சுருதியில் பாடிய வழி அது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தது 1920-களில் கொழும்பு மேடையில். 1933-இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் போய்விட்டார். அந்தக் குரலைக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் இப்போது யாரும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை எங்கள் ஐயா மாடு பத்தும்போது பாடுவார், எங்கள் அப்பா குளிக்கும்போது பாடுவார். எனக்குப் பாட வராது.

குரல் மேலே மேலே போய் ஒரு இடத்தில் நின்றது. ஆர்மோனியம் அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. படுதா விலகி அந்தத் தொப்பைக்காரர் வெளியே வந்தபோது எனக்குத் தொப்பை தெரியவில்லை. முன்வரிசையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பொடிசுகளில் இரண்டு எழுந்து உட்கார்ந்தன. ஒன்று தன் அக்காவிடம், “இவருதான் சாமியா?” என்று கேட்டது. “இன்னும் இல்ல, இப்ப வேடன். பெறவு கிழவன் ஆவாரு, கடைசிலதான் சாமி” என்றாள் அக்கா. அவளுக்குப் பதினொரு வயசிருக்கும். இந்த ஊரில் நாடகம் நின்றபிறகு பிறந்தவள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “அப்பா போன்ல பாத்தேன்” என்றாள்.

முருகன் விருத்தனாக, அதாவது கிழவனாக, வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு, விக்கி, தண்ணீர் கேட்டு, யானையைக் காட்டிப் பயமுறுத்தும் இடத்தில் பாதிக் கூட்டம் கொட்டாவி விட்டது. யானை என்று வந்தது சாக்குத்துணிக்குள் இரண்டு பேர். பின்னங்கால் முன்னங்காலுக்கு எதிர்ப்பக்கம் போய், தும்பிக்கை கழன்று விழுந்தது. கீழேயிருந்து ஒருவர் அதை எடுத்துப் பத்திரமாக மேடையில் வைத்தார். கிழக்கு வெளுக்கும்போது மாலை மாற்றினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். சிலர் மேடைக்கே போய்த் தட்டில் மொய் வைத்தார்கள், தங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி. மழை அன்றைக்கு வரவில்லை. ஒன்பது நாள் கழித்து வந்தது. நாடகம்தான் காரணம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

ஆறு மணிக்கு அப்பத்தாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சாக்கில் உட்கார்ந்தே இருந்தது. எப்படி அப்பத்தா இருந்துச்சு என்று கேட்டேன்.

“வள்ளி தேவல. அந்த விருத்தன் விக்கல் பாட்டுல ரெண்டு அடிய முழுங்கிட்டான்” என்றது. வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அடுத்த வருசம் வேற ஆளப் பாக்கச் சொல்லு.”