வேய்சைட் பள்ளிக் கதைகள்: கேட்டதும் சொன்னதும்

ராகவி: அக்கா, லூயிஸ் சாக்கரின் வேய்சைட் பள்ளியில் 19ஆம் மாடி எதைக் குறிக்கிறது?

படிக்காதவர்களுக்காக: இது அமெரிக்க எழுத்தாளர் சாக்கர் சிறுவர்களுக்கு எழுதிய நகைச்சுவைக் கதை வரிசை. 1978இல் வந்த முதல் புத்தகத்தில், ஒரே தளத்தில் 30 வகுப்பறை கட்டச் சொன்னால், கட்டியவர் ஒன்றன்மேல் ஒன்றாக 30 மாடி எழுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். 19ஆம் அத்தியாயத்தின் தலைப்பு மிஸ் ஸார்வ்ஸ். அப்படி ஒரு டீச்சர் இல்லை, அந்த மாடியும் இல்லை, மன்னிக்கவும். அத்தியாயமே அவ்வளவுதான். அதில் குறியீடு தேட வேண்டாம், சிரித்தால் போதும்.

1989இல் வந்த இரண்டாம் புத்தகத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதில் 19 என்ற எண்ணோடு மூன்று அத்தியாயங்கள். அலிசன் என்ற சிறுமி இல்லாத மாடியில் மாட்டிக்கொள்கிறாள். மிஸ் ஸார்வ்ஸ் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கொடுக்கும் வேலை, பூஜ்யத்திலிருந்து பத்து லட்சம் வரை எண்களை அகரவரிசையில் எழுதுவது! யோசிக்க விடாமல் கையை மட்டும் ஓட வைக்கும் வகுப்பு. இம்போசிஷன் எழுதியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதலில் வெறும் ஜோக்காக இருந்த மாடி, அதற்குள் ஒரு பிள்ளை போனதும் குறியீடாகிவிட்டது. ஒன்று மட்டும்: 'இது எதைக் குறிக்குது சொல்லு' என்று பிள்ளைகளைக் கேட்டுவிடாதீர்கள்.

மணி: எந்த வயதில் கொடுக்கலாம்?

எட்டு. தானாகப் படிக்கட்டும்.

செந்தில்: 19ஆம் மாடி நரகமா?

மேலே ராகவிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தமிழ்மணி: முதல் புத்தகத்தில் மிஸஸ் கோர்ஃப் என்ற டீச்சர் பிள்ளைகளை ஆப்பிளாக மாற்றுகிறார், கடைசியில் அந்த மந்திரம் கண்ணாடியில் பட்டுத் திரும்பித் தானே ஆப்பிளாகிறார். ஏதேன் தோட்டம்தானே இது?

இல்லை என்பேன். டீச்சருக்கு ஆப்பிள் கொடுப்பது அமெரிக்கப் பள்ளிகளின் பழைய வழக்கம். இங்கே கொடுக்க வேண்டிய பிள்ளையே ஆப்பிளாகி டீச்சர் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரத்தைப் பற்றிய கேலி.

தமிழ்மணி: விலக்கப்பட்ட கனியை விட்டுவிட்டு எப்படி?

விலக்கியது யார்? கதையில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் லூயிஸ் வருகிறார், கோர்ஃப் ஆன ஆப்பிளை எடுத்துச் சட்டையில் துடைக்கிறார், தின்கிறார். பாவமும் இல்லை, அறிவும் வரவில்லை.

செந்தில்: அப்போ கொலை?

தெரியாமல் தின்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களே பாருங்கள். 1995 புத்தகத்தில் கோர்ஃபின் மகன் மூன்று நாசித் துவாரங்களோடு வந்து பிள்ளைகளின் குரல்களைத் திருடுகிறான். வாரிசு அரசியல்!

வனிதா: லூயிஸ் பாத்திரம் ஆசிரியரேவா?

ஆமாம். சாக்கர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு தொடக்கப் பள்ளியில் உதவியாளராக இருந்தார். மதிய இடைவேளையில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டதால் பிள்ளைகள் அவரை 'மைதான டீச்சர் லூயிஸ்' என்றார்கள். கதைப் பாத்திரங்களுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வைத்தார்.

குமார்: 19ஆம் மாடி பற்றி...

குமார், மூன்றாவது தடவை!

ஷாஜகான்: மழைக்கோட்டு மேல் மழைக்கோட்டாகப் போட்டு வரும் சாம்மி என்ற பையன், கழற்றினால் செத்த எலி. இதில் என்ன அர்த்தம்?

குறியீடு தேட வேண்டாம் என்ற அதே எச்சரிக்கைதான் உங்களுக்கும். நாற்றமடிக்கும் புதுப் பையன், வாய் கெட்டவன், கடைசியில் எலி. டீச்சர் அதிர்ச்சியே அடைவதில்லை, அவர் வகுப்பில் செத்த எலிகள் நுழையப் பார்ப்பது வாடிக்கை. அந்த நிதானம்தான் சிரிப்பு. அர்த்தம் சொன்னால் எலி எலியாகவே போய்விடும்.

தமிழ்மணி: ஆனாலும் ஆப்பிள்...

சரி, தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், படிக்கிறேன்.