‘சக்கர்’ என்று யாரைச் சொல்கிறார்கள்?

கேள்வி: வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்று வந்த குறுஞ்செய்தியை நம்பிப் பதிவுக் கட்டணம் கட்டி ஏமாந்துவிட்டேன். அலுவலகத்தில் மனசு தாங்காமல் சொன்னபோது, கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என்னை ஆங்கிலத்தில் ‘சக்கர்’ (sucker) என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அகராதியில் பார்த்தால் உறிஞ்சுவது, செடியின் பக்கக்கன்று என்றெல்லாம் போட்டிருக்கிறது. அது கெட்ட வார்த்தையா?

பதில்: ஆபாச வார்த்தை இல்லை, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் பணத்தை இழந்துவிட்டு நிற்கிற ஒருவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையும் இல்லை. எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர், சுலபமாக ஏமாற்றப்படக்கூடியவர் என்பதுதான் அர்த்தம். பேச்சுவழக்குச் சொல், அதில் ஏளனம் கலந்தே இருக்கும்.

அகராதியில் நீங்கள் பார்த்ததும் சரிதான், எல்லாம் உறிஞ்சுவதிலிருந்து வந்தவை. தாயிடம் பால் குடிப்பதை இன்னும் நிறுத்தாத குட்டிக்கு இடைக்கால ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இருந்தது. அங்கிருந்து, உலகம் தெரியாதவன் என்ற பொருளில் 1830-களில் அமெரிக்கப் பேச்சில் புழங்க ஆரம்பித்தது. நாம் ‘பால்குடி மறக்காத பிள்ளை’ என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். வருடாவருடம் கூட்டமாக இடம்பெயரும்போது சுலபமாகச் சிக்கிவிடும் சக்கர் என்ற மீனிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள், எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

இந்தச் சொல்லோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு வாசகம் உண்டு: நிமிடத்துக்கு ஒரு சக்கர் பிறக்கிறான் என்பது. அமெரிக்கக் காட்சிக்கூட வியாபாரி பி. டி. பார்னம் சொன்னது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், ஆனால் அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைத்ததில்லை. 1869-ல் நியூயார்க் மாநிலத்தில் கார்டிஃப் என்ற ஊரில், கிணறு தோண்டும்போது பத்தடி நீளக் கல்மனிதன் அகப்பட்டான் என்று ஒரு பரபரப்பு கிளம்பியது. ஜார்ஜ் ஹல் என்பவர் ஜிப்சத்தில் செதுக்கவைத்து, முன்கூட்டியே புதைத்துவைத்த பொம்மை அது. காசு கொடுத்துப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பார்னம் அதை விலைக்குக் கேட்டு, கிடைக்காததால் தானே இன்னொன்று செய்து வைத்துக்கொண்டு, தன்னிடம் இருப்பதுதான் அசல் என்றார். அந்தப் போலியின் போலியைப் பார்க்கப் போன கூட்டத்தைப் பற்றி, முதல் பொம்மையை வைத்திருந்தவர்களில் ஒருவரான டேவிட் ஹானம் சொன்னதுதான் அந்த வாசகம் என்று ஒரு கதை இருக்கிறது. யார் சொன்னதாக இருந்தாலும் சரி, இந்தக் கதையில் வருகிற இரண்டு பேருமே பொம்மையைக் காட்டிக் காசு பார்த்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஏமாற்றிப் பிழைப்பவன் தன் வாடிக்கையாளருக்கு வைக்கிற பெயர்தான் இது, அதை ஏமாந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் எடுத்துச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மோசடிக்காரனுக்கு ஆங்கிலத்தில் ‘கான் மேன்’ என்று பெயர் அல்லவா, அதில் இருக்கிற ‘கான்’ நம்பிக்கை என்று பொருள்படும் ‘கான்ஃபிடென்ஸ்’ என்ற சொல்லின் சுருக்கம். வில்லியம் தாம்ஸன் என்று ஓர் ஆள் நியூயார்க் தெருக்களில் முன்பின் தெரியாதவர்களிடம் நன்றாகப் பழகிவிட்டு, உங்கள் கடிகாரத்தை நாளைவரை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பானாம். கொடுத்தவர்களும் உண்டு, அவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். 1849-ல் பிடிபட்டபோது பத்திரிகைகள் வைத்த பெயர் அது. கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை, எதிரில் நிற்கிற மனிதரைச் சந்தேகிக்கத் தயங்கியவர்கள். நீங்களும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறீர்கள். வேலை தேவைப்பட்டது, நம்பினீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது உங்களுக்கு இப்போதே உதவும். ‘சக்கர் லிஸ்ட்’ என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே ஏமாந்தவர்களின் பெயர், தொலைபேசி எண், எதில் ஏமாந்தார்கள் என்ற விவரங்களை மோசடிக்காரர்கள் பட்டியலாக்கித் தங்களுக்குள் விற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய வர்த்தக ஆணையமே இந்தப் பெயரைச் சொல்லித்தான் எச்சரிக்கிறது. பட்டியலை வாங்கியவன் அடுத்து என்ன செய்வான் தெரியுமா, நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், அதற்குக் கொஞ்சம் முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று அழைப்பான். அதிகாரி மாதிரி பேசுவான், நீங்கள் இழந்த தொகையைக்கூடச் சரியாகச் சொல்லலாம். அப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள், ஒரு பைசா கட்டாதீர்கள். இன்னும் செய்யவில்லை என்றால், வங்கிக்கும் காவல்துறைக்கும் இன்றே தெரிவித்துவிடுங்கள்.

அப்புறம், இதே சொல் கோபமோ ஏளனமோ இல்லாமலும் வரும். தன்னைப் பற்றியே ஒருவர், நான் பழைய பாட்டுகளுக்கு சக்கர் என்றால், அதைக் கேட்டால் மனம் தானாக இளகிவிடும், விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று அர்த்தம். அதில் தவறு எதுவும் இல்லை. குத்துச்சண்டையில் ‘சக்கர் பஞ்ச்’ என்றால் எதிராளி எதிர்பார்க்காத நேரத்தில் விடுகிற குத்து. ஒருவரை ‘நீ சக்கர்’ என்று நேருக்கு நேர் சொல்லும்போதுதான் அது வலிக்கிறது. உங்கள் சக ஊழியரிடம், அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: ‘ஷீப்பிள்’ என்பதும் இதே பொருள்தானா?

பதில்: இல்லை. ஆடு (ஷீப்), மக்கள் (பீப்பிள்) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்தது அது. யோசிக்காமல் கூட்டத்தோடு போகிறவர்களைக் குறிக்கும், நம் ‘ஆட்டுமந்தை’ போல. 1945-லேயே அச்சில் வந்திருக்கிறது, மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2017-ல்தான் சேர்த்துக்கொண்டது. சக்கர் என்பவர் தனி ஆள், அவரை ஏமாற்றிய ஒருவன் எங்கோ இருப்பான். ஷீப்பிள் என்றால் கூட்டம். பெரும்பாலும் தனக்கு உடன்படாதவர்களை மட்டம்தட்டத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள், அதனால் வாதத்தில் இந்தச் சொல் வந்தவுடன் பேச்சு முறிந்துவிடுகிறது.

கேள்வி: மொழிபெயர்க்கிறேன். ‘சக்கர்’ வருகிற இடத்தில் ‘வெகுளி’ என்று போடலாமா?

பதில்: வேண்டாம். வெகுளி என்பதில் பரிவு இருக்கிறது. (திருக்குறளில் அதே சொல்லுக்குக் கோபம் என்று பொருள், ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு, சொற்கள் எவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகின்றன!) ‘அப்பாவி’யும் அப்படித்தான், பழி இல்லாதவர் என்றாகிவிடும். ஏளனத்தோடு வரும் இடத்தில் ‘இளிச்சவாயன்’ சரியாக உட்காரும், சாதாரண இடத்தில் ‘ஏமாளி’ போதும். பழைய பாட்டு மாதிரி இடங்களில் இரண்டுமே ஆகாது, ‘என்றால் எனக்கு உயிர்’ என்று எழுதிவிடுங்கள்.