தீவனத்துக் கொழுப்பும் உடலில் சேரும் கொழுப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஆட்டுக்கறிக் குழம்பு ஆறியதும் மேலே கொழுப்பு வெள்ளையாகக் கட்டிவிடுகிறது. கோழிக் குழம்பில் அது எண்ணெயாகவே மிதக்கிறது. இதற்கு ஆடு தின்னும் தீவனம் காரணமா?

பதில்: தீவனத்தைவிட வயிறுதான் காரணம். தழையிலும் புல்லிலும் இருப்பது பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு, அதாவது எண்ணெய்போல இளகி நிற்கும் கொழுப்பு. அது அப்படியே சேர்ந்தால் ஆட்டுக் கொழுப்பும் இளகியே இருந்திருக்கும். ஆனால் அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தக் கொழுப்பு அமிலங்களோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, பெரும்பகுதியைக் கெட்டியாக உறையும் ஸ்டியரிக் அமிலமாக்கிய பிறகே குடலுக்கு அனுப்புகின்றன. வனஸ்பதி ஆலையில் நிக்கல் வினையூக்கியைக் கொண்டு நடத்தும் வேலையை ஆடு உடம்புச் சூட்டிலேயே முடித்துவிடுகிறது. கோழிக்கும் பன்றிக்கும் நமக்கும் அத்தகைய இரைப்பை கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் தின்ற கொழுப்பேதான் உடலில் சேர்கிறதா? சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பன்றிகளில் நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலக்கடலை தின்று வளர்ந்த பன்றிகளின் கொழுப்பு குளிரூட்டிய அறையிலும் சரியாக இறுகாமல் தொளதொளத்துக் கிடந்ததால், இறைச்சி நிறுவனங்கள் அவற்றுக்கு விலையைக் குறைத்தன. அந்நாட்டு வேளாண் துறையைச் சேர்ந்த எல்லிஸும் இஸ்பெல்லும் இதை ஆராய்ந்து 1926இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடலையும் சோயாவும் தின்ற பன்றிகளின் கொழுப்பு இளகியிருந்தது; கொழுப்புக் குறைந்த தானியத் தீவனம் தின்றவற்றின் கொழுப்பு கெட்டியாக இருந்தது.

இந்த இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. மாவுச்சத்திலிருந்து உடல் தானே உண்டாக்கும் கொழுப்பில் கெட்டியான பாமிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களும் ஓரளவே இளகிய ஒலியிக் அமிலமும் மிகுதி என்பதால் அது இறுகுகிறது. கடலை, சோயா எண்ணெய்களில் இருந்து கொழுப்பை இன்னும் இளகவைக்கும் லினோலியிக் அமிலத்தையோ உடலால் உண்டாக்கவே முடியாது. அது இன்றியமையாதது என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான பர் தம்பதியினர் 1929 முதல் எலிகளில் நடத்திய ஆய்வுகளில் காட்டினார்கள். ஆகவே ஒரு பிராணியின் கொழுப்பில் லினோலியிக் அமிலம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தீவனம் வழியாக வந்ததே.

கேள்வி: மனிதருக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். அமெரிக்கர்களின் தோலடிக் கொழுப்பை வெவ்வேறு காலங்களில் அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, லினோலியிக் அமிலத்தின் பங்கு 1959இல் சுமார் 9 சதவீதமாக இருந்து 2008இல் 21 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதே காலத்தில்தான் அங்கே சோயா எண்ணெயின் பயன்பாடு பெருகியது. ஆனால் இந்த மாற்றம் மெதுவாக நடப்பது. சேர்ந்த கொழுப்பில் பாதி புதுப்பிக்கப்படவே ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும் என்பதால், போன மாதம் எண்ணெயை மாற்றியவர் இந்த மாதம் பலனைத் தேட வேண்டாம். இதுவரை சொன்னது கொழுப்பின் தன்மையைப் பற்றியது மட்டுமே. எவ்வளவு சேரும் என்பதை, உண்ட ஆற்றலுக்கும் செலவிட்ட ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது.

கேள்வி: சோறு நேரடியாகக் கொழுப்பாக மாறுகிறதா?

பதில்: வழக்கமான உணவில் மிகக் குறைவாகவே மாறுகிறது. உடல் மாவுச்சத்தை முதலில் எரித்துக்கொண்டு, கூட உண்ட எண்ணெயைச் சேமிப்புக்கு அனுப்பிவிடுகிறது. இடுப்பில் ஏறும் சதைக்குச் சோற்றோடு குழம்பில் மிதந்த எண்ணெயும் பங்காளிதான்.

கேள்வி: எங்கள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிறோம். நெய் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருப்பதைப் பார்த்து, வாங்குபவர்கள் கலப்படம் என்கிறார்கள். அசைபோடும் மாட்டுக்குத் தீவனத்தால் மாற்றம் வராது என்றுதானே சொல்கிறீர்கள்?

பதில்: வராது என்று சொல்லவில்லை, குறைவாக வரும். பருத்திக்கொட்டை அதிலும் தனி ரகம். ஸ்டியரிக் அமிலத்தை இளகிய ஒலியிக் அமிலமாக மாற்றும் நொதி மாட்டின் மடியில் உண்டு. பருத்திக்கொட்டை எண்ணெயில் உள்ள சில அமிலங்கள் அந்த நொதியைத் தடுத்துவிடுவதால் வெண்ணெயும் நெய்யும் இறுகுகின்றன. நம் நாட்டு உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே பருத்தி விளையும் பகுதிகளின் நெய்க்கு ஒளிவிலகல் அளவை (நெய்யின் ஊடே ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் தரச் சோதனை அளவை) தனியாக வகுத்திருந்தார்கள். ஆகவே கெட்டியாக இருப்பதை மட்டும் வைத்து யாரும் கலப்படம் என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகப்படுபவரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மாதிரியோடு மாட்டின் தீவனத்தையும் எழுதிக் கொடுங்கள்.