பேஸ்மென்ட் சுவர் ஊறிவிட்டதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பேஸ்மென்ட்டில் ஜிப்சம் போர்டு சுவரின் அடிப்பகுதி ஊறி பெயின்ட் உப்பிவிட்டது. பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்தால் போதுமா சார்?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாதாரண ஜிப்சம் போர்டின் இரண்டு பக்கமும் காகிதம்தான். அது நனைந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில்.

முதலில் அந்தப் பகுதிக்கு வரும் மின்சாரத்தை அணையுங்கள். ஈரக்கறைக்கு மேல் சுமார் 30 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ள போர்டை வெட்டி எடுங்கள். போர்டு தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும், அதனால் கறை நிற்கும் இடத்தில் ஈரம் நிற்பதில்லை. கத்தியைப் போர்டின் கனத்துக்கு மேல் இறக்க வேண்டாம், பின்னால் வயரோ குழாயோ போகலாம். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்திருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வெட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, அண்ணா.

பதில்: அது தெரியாமல் சுவரை மூடவே கூடாது. எப்போது நனைகிறது என்று கவனியுங்கள். மழைக்குப் பிறகு என்றால் வெளியிலிருந்து வருகிறது. மழையே இல்லாமல் நனைந்தால் வீட்டுக் குழாயைச் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் மட்டும் மீட்டர் காட்டிக்கொடுக்காது.

புழுக்கமான நாளில் மட்டும் ஈரம் என்றால், குளிர்ந்த தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல, காற்றிலுள்ள ஈரம்தான் கான்கிரீட்டில் படிகிறது. சந்தேகமாக இருந்தால் சுவரை ஓரிடத்தில் துடைத்துக் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. அறைப் பக்கம் இருந்தால் காற்றிலிருந்து.

வெளியிலிருந்துதான் என்றால் உடனே பெரிய செலவில் இறங்காதீர்கள். கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் காலடியிலேயே விழுகிறதா பாருங்கள். அந்தத் தண்ணீர் இறங்கும் குழாயை நீட்டி 2 மீட்டராவது தள்ளி விடுங்கள். மண்ணும் வீட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், 3 மீட்டருக்கு 15 செ.மீ. சரிவு இருந்தால் நல்லது. பல வீடுகளில் இந்த இரண்டிலேயே கசிவு நின்றுவிடும்.

கேள்வி: கான்கிரீட்டில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சணமா?

பதில்: கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்தால் அது உப்பு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் சுவர் வழியே தண்ணீர் வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த உப்பின் மேலேயே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும்.

கேள்வி: சுவரில் விரிசலும் இருக்கிறது.

பதில்: மெல்லிய செங்குத்து விரிசல் என்றால் பாலியூரித்தேன் என்ற பிசினை ஊசி போல விரிசலுக்குள் செலுத்தி அடைக்கலாம், ஈரத்திலும் பிடிக்கும். படுக்கைவாட்டில் விரிசல் ஓடி, சுவரும் உள்பக்கம் வளைந்திருந்தால் எதையும் தொடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: போர்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் பூஞ்சணம். ப்ளீச் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ப்ளீச்சில் இருக்கும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி இன்னும் ஈரமாக்கும். என்95 மாஸ்க், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

கேள்வி: சரி, எப்போது மூடலாம்?

பதில்: தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபேனும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையரும் ஓடட்டும். ஈரமானியில் மரச்சட்டம் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகு, ஒரு நல்ல மழையும் பெய்து, சுவர் நனையவில்லை என்றால் மூடுங்கள். புது போர்டு தரையைத் தொடக் கூடாது. அடியில் 1 செ.மீ. இடைவெளி விட்டு, அதைச் சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பலகையால் மறைத்துவிடலாம்.