கூடுதல் ஒரு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். என் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வகுப்பில் எதைக் கேட்டாலும் தெளிவாகப் பதில் சொல்வார். தேர்வில் பாதி வினாக்களுக்குமேல் எழுதி முடிக்க அவரால் இயலவில்லை. இப்போது நான்கு அரியர் நிற்கிறது. பள்ளியிலேயே டிஸ்கிராஃபியா, அதாவது கையால் எழுதுவதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, என்று கண்டறியப்பட்டவர். அவருக்குக் கூடுதல் நேரம் கேட்டபோது, "மற்ற மாணவர்களுக்கு இது அநீதி, நாற்பது சதவீதக் குறைபாடு உண்டு என்ற சான்றிதழும் அவரிடம் இல்லை" என்று உடன் பணிபுரிவோர் மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரிதானா? சொல்வதை எழுதுபவரை அமர்த்தலாம் என்றால் மாணவரே கூச்சப்பட்டு மறுக்கிறார்.

ஓர் உதவிப் பேராசிரியர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

சரியல்ல. பொருளியல் தேர்வு பொருளியல் அறிவைத்தான் அளக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒருவர் கை எத்தனை பக்கம் ஓடுகிறது என்பதையும் சேர்த்து அளந்துவிட்டு, அதற்குப் பொருளியல் மதிப்பெண் என்று பெயர் வைப்பதுதான் அநீதி.

என் உறவுக்காரப் பையன் ஒருவனின் மாதிரித் தேர்வு விடைத்தாளை ஒருமுறை பார்த்தேன். முதல் பக்கத்தில் எழுத்துகள் கோட்டின்மேல் நின்றன. நான்காம் பக்கத்தில் கோட்டைவிட்டு இறங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 'உற்பத்தி' என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. கடைசி வினாவுக்கு எண் மட்டும் போட்டிருந்தான், கீழே ஒரு வரிகூட இல்லை. அதே வினாவை நான் வாய்மொழியாகக் கேட்டபோது பத்து நிமிடம் தடங்கலின்றிச் சொன்னான். பேனாவை அழுத்திப் பிடித்துப் பிடித்து அவன் நடுவிரலின் ஓரம் காய்த்துப்போயிருந்தது. அந்த விரலைப் பார்த்தபின், முயற்சி போதாது என்று எந்த மாணவரையும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சான்றிதழைப் பற்றி உங்கள் சக பேராசிரியர்கள் சொல்வது பலரிடமும் உள்ள குழப்பம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, முந்தைய சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை இருபத்தொன்றாக விரித்தபோது, கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு பெறத்தான் நாற்பது சதவீத வரம்பு தேவை. தேர்வில் சொல்வதை எழுதுபவரைப் பெறுவதற்கு அந்த வரம்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாட்டோடு குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர். இதைத் தொடர்ந்து, நாற்பது சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுவோருக்கென்றே 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மணிக்கு இருபது நிமிடம் என்ற கணக்கில், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு, எழுதுவதில் சிரமம் உண்டு என்ற மருத்துவச் சான்று தேவை. பள்ளிக்கால அறிக்கையை நம்பியிராமல் அரசு மருத்துவமனையில் புதிதாக மதிப்பீடு செய்துகொள்ளச் சொல்லுங்கள். சான்று கைக்கு வந்ததும், தேர்வு அட்டவணை வெளியாகும்வரை காத்திராமல், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்து மூலமாகவே கோரிக்கையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவற்றுக்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. கரும்பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள். வாசிப்பதிலும் தடுமாறும் மாணவர்களுக்குக் கைபேசியின் குரல் வாசிப்பு பேருதவி. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பு அதற்கு வெறும் உளறலாகிவிடும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால்தான் வாசிக்கும். நம் துறைகளில் ஆண்டுக்கணக்காகக் கைமாறிவரும் குறிப்புகளில் பல இன்னும் பழைய எழுத்துருவிலேயே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வகுப்பு முன்னிலையில் கேட்டால் எந்த இருபது வயதுப் பிள்ளையும் வேண்டாம் என்றுதான் சொல்லும். தனியாக அழைத்துப் பேசுங்கள். தன் விடையை இன்னொருவர் கையில் ஒப்படைக்க அவருக்கு மனமில்லாமல் இருக்கலாம், அது மதிக்கத்தக்க தயக்கம். கூடுதல் நேரம் மட்டும் போதுமா, எழுதுபவரும் வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கோரிக்கைக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்து கொடுங்கள்.

அன்புடன்.